பொறி செய்யும் இளங்கைகள்



திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் மயிற்பொறி ஒன்று வருவதை நீங்கள் படித்திருப்பீர்கள். சச்சந்தன் என்னும் மன்னன், கருவுற்றிருந்த தன் தேவி விசயைக்காக அதனைச் செய்வித்தான். விசையை வலப்புறம் திருகினால் அப்பொறி மேலெழும். இடப்புறம் திருகினால் கீழிறங்கும். அதனைச் செலுத்த அரசி முன்னரே பழகியிருந்தாள். கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்துகொண்ட நாளில் அவள் அப்பொறியில் ஏறி வான்வழியே சென்றாள். மன்னன் வீழ்ந்ததை அறிவிக்கும் முரசொலி செவியிற் பட்டதும் மயங்கினாள். பொறியும் ஊர்ப்புறத்துச் சுடுகாட்டில் இறங்கிவிட்டது.

இதனைக்கொண்டு நம் முன்னோர் வானவூர்தி செய்து பறந்தனர் என்று வாதிடுதல் வரலாற்று நெறி ஆகாது. இது புலவரின் கற்பனை. ஆயினும் இக்கற்பனையில் ஓர் உண்மை உண்டு. செலுத்துவோரின் அறிவு மயங்கினால் பொறியும் தன் போக்கை இழக்கும். சூழ்நிலையைத் தானே உணர்ந்து, தன் போக்கைத் தானே திருத்திக்கொள்ளும் பொறியைச் செய்ய மனிதன் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தகைய பொறியைத்தான் இன்று ரோபோ என்கிறோம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் சிறுவரும் சிறுமியரும் அதனைத் தம் கையால் செய்து, போட்டிக் களத்தில் ஓடவிடும் காலம் வந்திருக்கிறது. இப்போட்டிகள் தோன்றிய வரலாறு யாது? அவற்றால் விளையும் கல்வி யாது? இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடங்கிய நம் விருதுநகர் மாவட்டத்துக்கு அவை ஏன் இன்றியமையாதவை? இவற்றையே இன்று உங்களுடன் ஆராய விழைகின்றேன்.

ரோபோ என்னும் சொல் பழஞ்சொல் அன்று. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920 ஆம் ஆண்டில் எழுதி, மறு ஆண்டில் மேடையேறிய நாடகமொன்றில் அது முதன்முதல் இடம்பெற்றது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லினின்று அது பிறந்தது. சொல் நாடகத்தில் பிறந்தாலும், அதன் பின்னுள்ள கருத்து பட்டறையில் பிறந்தது. 1788 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தம் நீராவிப் பொறிக்கு வேகச் சீராக்கி ஒன்றைப் பொருத்தினார். பொறி விரைந்தால் சுழலும் குண்டுகள் விலகி எழுந்து நீராவியைக் குறைக்கும். மெதுவானால் அவை தாழ்ந்து நீராவியை மிகுவிக்கும். பொறி தன் வேகத்தைத் தானே அறிந்து தன்னை அடக்கிக்கொண்டது.

இக்கருத்தை விளக்க இங்கிலாந்து வரை செல்ல வேண்டுவதில்லை. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீதியில் நின்று ஆண்டாள் தேரைக் கண்டாற் போதும். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் தரும் ஆற்றல் பெரிது. ஆனால் முன்னே நோக்கி இழுக்கும் அவர்களால் பின்னே வரும் தேர் எப்பக்கம் ஒதுங்குகிறது என்பதைக் காண இயலாது. தேர்களைப் பொதுவாக வழிநடத்துவோர் சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் நடப்பவரே. தேர் இடப்புறம் ஒதுங்குவதைக் கண்டதும் அவர் உரிய சக்கரத்தில் கட்டையை இட்டு அதனைத் திருப்புகிறார். அளவுக்கு மிஞ்சித் திரும்பினால் மறுபுறம் கட்டை விழுகிறது. பார்த்தல், எவ்வளவு பிசகியது என மதித்தல், திருத்துதல், மீண்டும் பார்த்தல் என்று இம்முறை தேர் நிலைக்கு வரும்வரை தொடர்கிறது. பொறியியலார் இதனைப் பின்னூட்டம் என்பர். 1948 ஆம் ஆண்டில் நார்பர்ட் வீனர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், உயிர்களிலும் பொறிகளிலும் இம்முறை ஒன்றே என்று காட்டும் நூலை வெளியிட்டார். அதே காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்பவர் ஒளியைத் தேடி ஊரும் இரண்டு எந்திர ஆமைகளைச் செய்தார்.

சிறுவர் செய்யும் ரோபோவும் அந்த ஆமைகளின் வழித்தோன்றலே. அதில் மூன்று உறுப்புகள் உண்டு. சுற்றுப்புறத்தை அறியும் உணரி. அறிந்ததைக் கொண்டு முடிவு செய்யும் சிறு கணிப்பொறி. முடிவை நிறைவேற்றும் மோட்டார். வெண்ணிறத் தளத்தில் ஒரு கரிய கோடு வரையப்பட்டிருப்பதாகக் கொள்ளுங்கள். வண்டியின் அடியில் சிறு விளக்கொன்றும் ஒளியை அளக்கும் உணரியும் உள்ளன. வெண்மை ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். கருமை அதனைப் பெரிதும் உட்கொள்ளும். ஒளி மிகுந்தால் கோட்டைவிட்டு விலகிவிட்டோம் என்பது பொருள். உடனே ஒரு சக்கரம் மெதுவாகி வண்டி திரும்புகிறது. முட்டுக்கட்டை இடுபவர் ஒரு நொடியில் செய்வதை இவ்வண்டி ஒரு நொடியில் பல முறை செய்கிறது. வேறுபாடு அவ்வளவே.

இனி, இத்தகைய பொறிகளைக் கொண்டு போட்டி நடத்தும் வழக்கம் வந்த வரலாற்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1970களின் தொடக்கத்தில், வூடி ஃபிளவர்ஸ் என்னும் இளம் ஆசிரியர் பொறி வடிவமைப்பு வகுப்பொன்றைப் புதுமுறையில் நடத்தலானார். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரே வகையான சில்லறைப் பொருள்கள் அடங்கிய தொகுதியொன்று தரப்படும். அவற்றைக் கொண்டே குறித்ததொரு செயலை முடிக்கும் பொறியைச் செய்ய வேண்டும். பருவ இறுதியில் பொறிகள் பலர் முன்னிலையில் ஒன்றோடொன்று போட்டியிடும். விளையாட்டுக்குக் கூடுவது போல் பொறியியல் வகுப்புக்கும் கூட்டம் கூடிற்று. எழுத்துத் தேர்வில் மறைந்து நிற்கும் குறை களத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

சப்பானில் மசாஹிரோ மோரி என்னும் பேராசிரியர் இதனை ஒத்த கருத்தை வளர்த்தார். 1988 ஆம் ஆண்டில் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனம் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்க்கான முதற் போட்டியை நடத்தியது. உலர் மின்கலங்களால் ஓடும் வண்டியே அவ்வாண்டின் பொருள். இவ்வழக்கம் பின்னர் ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் போட்டியாக விரிந்தது. நம் வானொலியும் அங்கமாயுள்ள ஒன்றியம் அது. அதன் முதற் போட்டி 2002 இல் டோக்கியோவில் நிகழ்ந்தது. 2008 இல் புனே நகரில் நடந்தபோது, கண்ணன் வெண்ணெய்க் குடத்தை எட்டும் விளையாட்டே போட்டிப் பொருளாக அமைந்தது. நம் ஊர்களில் நிகழும் உறியடிக்கு அது உறவுதான். கல்லூரி மாணவர் செய்த பொறிகள் பல நாடுகளிலிருந்து வந்து அவ்வெண்ணெய்க்குப் போட்டியிட்டன.

இவை பெரியவர் போட்டிகள். சிறுவரிடம் இக்கலை வந்ததற்குக் காரணமானவருள் தலையாயவர் சீமோர் பாப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இக்கணித அறிஞர், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த ழான் பியாசே என்பவருடன் ஜெனீவாவில் பணிபுரிந்தவர். பாப்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் 1967 ஆம் ஆண்டில் லோகோ என்னும் கணிப்பொறி மொழியைக் குழந்தைகளுக்கென உருவாக்கினர். தரையில் ஊர்ந்து கோடு வரையும் ஆமைப்பொறி ஒன்று அம்மொழிக்குக் கட்டுப்பட்டது. குழந்தை, 'முன்னே செல், வலப்புறம் திரும்பு' என்று கட்டளையிடும். ஆமை அவ்வாறே செய்யும். சதுரம் வரைய நினைத்து வேறு வடிவம் வந்துவிட்டால், குழந்தைக்கு மதிப்பெண் குறைவதில்லை. எந்தக் கட்டளையில் பிழை புகுந்தது என்று அது தேடும். தவறு வெட்கத்துக்குரியதன்று, தேடிக் கண்டு திருத்துதற்குரியது என்பதே பாப்பர்ட்டின் கொள்கை. அவர் இக்கருத்துகளை 1980 இல் நூலாக வெளியிட்டார். அந்நூலின் பெயரையே தாங்கி, 1998 இல் டென்மார்க்கின் லெகோ நிறுவனம் நிரல் எழுதி இயக்கத்தக்க கட்டைகளைச் சந்தைக்குக் கொணர்ந்தது.

இதனிடையே டீன் கேமன் என்னும் அமெரிக்கப் புனைவாளர், விளையாட்டு வீரர்க்குக் கிடைக்கும் ஆரவாரம் அறிவியல் பயிலும் இளைஞர்க்கும் கிடைக்க வேண்டும் என்று கருதி, 1989 இல் ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பைத் தொடங்கினார். வூடி ஃபிளவர்ஸ் அவருக்குத் துணைநின்றார். 1992 இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பள்ளி உடற்பயிற்சிக் கூடமொன்றில் 28 அணிகளுடன் முதற் போட்டி நடைபெற்றது. அது உயர்நிலை மாணவர்க்கானது. 1998 இல் இவ்வமைப்பும் லெகோ நிறுவனமும் இணைந்து நடுநிலைப் பள்ளி வயதினர்க்கான போட்டியைச் சோதனையாகத் தொடங்கின. 2004 இல் உலக ரோபோ ஒலிம்பியாடு சிங்கப்பூரில் முதல் இறுதிப் போட்டியை நடத்தியது. 2016 இல் அதன் உலக இறுதி நம் நாட்டில், தில்லித் தலைநகர் வட்டாரத்தில் நிகழ்ந்தது.

இப்போட்டிகளில் குழந்தை உண்மையில் என்ன செய்கிறது என்பதைச் சற்று நுணுகிப் பார்த்தல் வேண்டும். பரிசுக் கோப்பையின் படத்தை மட்டும் பார்ப்போர்க்கு அது விளங்காது.

லெகோ போட்டியில் ஒரு மேசை, அதன்மேல் விரிப்பு, விரிப்பின்மேல் தள்ளவும் தூக்கவும் திறக்கவும் வேண்டிய சிறு அமைப்புகள். ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம். ரோபோ புறப்பட்டபின் அதனைக் கையாலோ தொலைக் கருவியாலோ நடத்துதல் கூடாது. முன்னரே எழுதிய நிரலின்படி அது தானே செல்ல வேண்டும். ஓர் அணி, '2 வினாடி முன்னே செல், பின் திரும்பு' என்று எழுதுவதாகக் கொள்வோம். காலையில் அது சரியாகச் செல்லும். மாலையில் மின்கலம் தளர்ந்திருக்கும், அதே 2 வினாடியில் வண்டி குறைந்த தொலைவே செல்லும், திருப்பம் பிசகும். குழந்தைகள் திகைப்பர். பின்னர், காலத்தை அளவாகக் கொள்ளாமல் சக்கரம் சுழலும் எண்ணிக்கையைக் கொள்ளலாம் என ஒருவர் கண்டுபிடிப்பார். அதுவும் சில வேளை பொய்க்கும். சக்கரம் வழுக்கினால் சுழற்சி மிகும், தொலைவு மிகாது. ஆகவே மேசையின் சுவரை மோதித் தன்னை நேராக்கிக்கொள்வது, கரிய கோட்டைக் கண்டபின் நிற்பது என்று நம்பத்தக்க அடையாளங்களைத் தேடுவர். அளவு, அளவுகோல், பிழை, பிழையின் காரணம் ஆகிய இயற்பியலின் அடிப்படைகளைப் பன்னிரண்டு வயதில் இவ்வாறு கற்றவர்க்கு, பின்னாளில் பாடநூலில் அவை வரும்போது பழகிய நண்பரைக் காண்பது போலிருக்கும்.

உலக ரோபோ ஒலிம்பியாடில் வேறொரு வழக்கம் உண்டு. போட்டி நாளன்று எதிர்பாராத விதியொன்று அறிவிக்கப்படும். வீட்டில் பிறர் செய்துகொடுத்த பொறியையும் நிரலையும் கொண்டுவந்தவர் அங்கே தடுமாறுவர். தாமே செய்தவர் மாற்றிக்கொள்வர். உருப்போட்டவரையும் உணர்ந்தவரையும் பிரித்தறிய இதனினும் நல்ல தேர்வை நான் என் ஆசிரியப் பணிக்காலத்தில் கண்டதில்லை. மேலும் வூடி ஃபிளவர்ஸ், வெல்லும் வேட்கையும் எதிரணியிடம் பெருந்தன்மையும் ஒருங்கே இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். எதிரணியின் பொறியில் ஓர் உறுப்பு முறிந்தால், தம்மிடமுள்ள உதிரியை எடுத்துக் கொடுப்பதை அப்போட்டிகள் சிறப்பாகப் போற்றுகின்றன.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவே உண்டு. இங்குப் பொறியறிவு புதிதன்று. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936 இல் இராஜபாளையம் மில்லை நிறுவினார். அதன்பின் இந்நகர் நூற்பாலை நகராயிற்று. கதிர் சுழலும் ஒலியில் ஏற்படும் சிறு மாற்றத்தைக் கேட்டே எந்திரத்தின் குறையைச் சொல்லும் தொழிலாளர் பலர் இங்கு வாழ்ந்தனர். நூல் அறுந்தால் தானே நிற்கும் தறியைச் சப்பானில் சாகிச்சி டொயோடா 1924 இல் செய்து முடித்தார். அந்தத் தறியும் உணரி உடைய பொறியே. 1963 இல் இராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா பெயரில் பாலிடெக்னிக் தோன்றியது. 1984 இல் விடுதலைப் போராட்ட வீரர் தி. கலசலிங்கம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே கிருஷ்ணன்கோவிலில் பொறியியற் கல்லூரியைத் தொடங்கினார். அது இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. 2013 இல் இராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. ஆலை, பயிற்சிக்கூடம், கல்லூரி ஆகிய மூன்றும் ஒரே சாலையின் ஓரங்களில் அமைந்த வட்டாரம் இது.

ஆனால் இதே மாவட்டத்தின் வரலாற்றில் வேறொரு பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் தகாது. 1922 இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த கரிசல் நிலத்துக்கு அத்தொழில் சோறளித்தது; சிவகாசி வளர்ந்தது. எந்திரத்தினும் மனிதக் கை மலிவாயிருந்தமையால் அது கைத்தொழிலாகவே பரவியது. கைகளுள் மலிவானது குழந்தையின் கை. குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் நிரப்புவதை ஊர்ப்பேச்சில் கட்டை அடுக்குதல் என்பர். சிறு விரல்கள் விரைந்து செய்யும் வேலை என்று சொல்லி அதனைச் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் ஒதுக்கினர். எத்தனை கட்டை அடுக்கினரோ அத்தனைக்கே கூலி. அக்காலத்தில் இப்பகுதியில் ஆசிரியராயிருந்த எவரும் அறிவர்: வருகைப் பதிவேட்டில் ஐந்தாம் வகுப்புக்குப் பின் சில பெயர்கள் மெல்ல மறையும், அவற்றுள் பெண்பிள்ளைகளின் பெயர்களே மிகுதி.

1986 இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு செய்யும் வேலைகளில் பதினான்கு வயது நிரம்பாதவரை ஈடுபடுத்துவதை அது தடுத்தது. 1988 இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின்கீழ்ச் சிறப்புப் பள்ளிகள் தோன்றின. 1996 டிசம்பர் 10 அன்று, எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு மாறாகப் பணியிலமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அது ஆணையிட்டது. அவ்வழக்குக்கு மூலமாயிருந்தது சிவகாசிச் சிறுவரின் நிலையே.

பதினொரு வயதுக் குழந்தை நாள் முழுதும் குச்சி அடுக்கியது. இன்று அதே வயதுக் குழந்தை பற்சக்கரம் அடுக்குகிறது. இரண்டும் கைவேலைதானே, வேறுபாடு என்ன என்று ஒருவர் வினவலாம். வினவுவது முறையே. நம் கல்வி வரலாற்றில் கைவேலை பற்றிய வாதம் நெடிது. 1937 இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். 1953 இல் சென்னை அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோர் தொழிலைப் பழகலாம் என்னும் திட்டத்தைக் கொணர்ந்தது. பிறப்பால் வந்த தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிவைக்கும் குலக்கல்வி இது என்று நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது. 1954 இல் விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு ஓர் உரைகல்லைத் தருகிறது. குழந்தையின் கை செய்யும் வேலை அக்குழந்தையை வினவச் செய்கிறதா, வினாவை அடக்குகிறதா? குச்சி அடுக்கும் குழந்தை, 'இதனை வேறு வகையில் செய்யலாமே' என்று எண்ணினால் அன்றைய கூலி குறையும். ரோபோ செய்யும் குழந்தையோ அவ்வாறு எண்ணாவிடில் ஓர் அடியும் முன்னேற இயலாது. முன்னது பிறருடைய ஆதாயத்துக்காகக் கையைப் பிடித்துக்கொண்டது. பின்னது குழந்தையின் அறிவுக்காகக் கையை விடுவிக்கிறது. ஆகவேதான் இப்போட்டிகள் பொழுதுபோக்கு அல்ல என்கிறேன். மூன்று தலைமுறை வறட்சியும் வறுமையும் கண்ட ஒரு நிலத்தில் அவை கல்வி உரிமையின் தொடர்ச்சி.

அவ்வுரிமை எல்லார்க்கும் கிட்டுகிறதா என்பதே இன்றைய வினா. நடுவண் அரசின் நிதி ஆயோக் 2016 இல் அடல் புத்தாக்க இயக்கத்தைத் தொடங்கி, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ளோர்க்காகப் பள்ளிகளில் செய்முறைக் கூடங்களை அமைக்கலாயிற்று. கூடம் ஒன்றுக்கு 20 இலட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். நாடு முழுவதும் 10,000 பள்ளிகளில் அவை அமைந்தன. அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. 2018 இல் அதே நிதி ஆயோக் வளர்ச்சியை விரைவுபடுத்த வேண்டிய மாவட்டங்களுள் ஒன்றாக விருதுநகரைத் தெரிந்தெடுத்தது. தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் வானவில் மன்றத்தைத் தொடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணவரிடம் சோதனைக் கருவிகளுடன் கருத்தாளர் நேரே செல்வது அதன் முறை. இவை நல்ல முயற்சிகள். இன்னொரு மாற்றமும் துணைசெய்கிறது. 2005 இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் தோன்றிய ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகையின் வரைபடத்தை எவரும் பயன்படுத்தலாம் என வெளியிட்டனர். ஆதலின் அதனைப் பலர் செய்தனர், விலை குறைந்தது. நிறுவனத் தொகுதிகளை வாங்க இயலாத பள்ளியும் இன்று ரோபோ செய்ய இயலும்.

எனினும் கருவி வந்துவிட்டால் கல்வி வந்துவிட்டதென்று கருதலாகாது. பூட்டிய நிலைப்பெட்டிக்குள் பழுதின்றி இருக்கும் கருவியினும், குழந்தை கையில் பழுதான கருவி மேலானது. போட்டிக்குப் பணம் கட்ட வல்லவர் மட்டும் செல்வதும், பயிற்றுநரே பொறியைச் செய்து கொடுத்துப் பிள்ளைகளை அருகில் நிறுத்துவதும், ஆண்பிள்ளைகள் மோட்டாரைப் பிடிக்கப் பெண்பிள்ளைகள் விளக்க அட்டை எழுதுவதும் களையப்பட வேண்டிய குறைகள். 2017 ஆம் ஆண்டு வாஷிங்டனில் பல நாட்டு மாணவர் கலந்துகொண்ட ரோபோப் போட்டி நடந்தது. ஆப்கானித்தானின் ஹெராத் நகரிலிருந்து சிறுமியர் அணியொன்று வர விழைந்தது. இருமுறை அவர்களுக்கு நுழைவுரிமை மறுக்கப்பட்டது. உலகோர் குரல் கொடுத்தபின் அது கிடைத்தது. அவ்வணி துணிவுக்கான வெள்ளிப் பதக்கம் பெற்றது. அத்துணை இடர்களைத் தாண்டி அவர்கள் களத்துக்கு வந்திருக்க, தடையேதும் இல்லாத ஊரில் நாம் நம் பெண்மக்களைப் பின்வரிசையில் நிறுத்துதல் நியாயமாகாது.

ரோபோவால் வேலை பறிபோகாதா என்று பெற்றோர் அஞ்சுவர். அவ்வச்சத்தைச் சிரித்து ஒதுக்குதல் முறையன்று. நூற்பாலை நகரத்தார்க்கு எந்திரம் ஆட்குறைப்புச் செய்வதும் தெரியும். ஆனால் எந்த வேலையை எந்திரத்துக்குக் கொடுப்பது என்பது மனிதர் எடுக்க வேண்டிய முடிவு. 1961 இல் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலையொன்றில் முதன்முதல் பணியிலமர்ந்த தொழிற்சாலை ரோபோ செய்தது, கொதிக்கும் வார்ப்புலோகத் துண்டுகளை எடுத்து வைக்கும் வேலை. நம் நாட்டில் மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கி நச்சுக்காற்றால் மாள்வோர் செய்தி இன்னும் வருகிறது. கேரளத்து இளம் பொறியாளர் சிலர் 2018 இல் பாதாளச் சாக்கடையைத் தூய்மை செய்யும் ரோபோ ஒன்றைத் திருவனந்தபுரத்தில் இயக்கிக் காட்டினர். நம் மாவட்டத்திலோ 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிமருந்தைக் கலக்கும் இடத்தில் மனித உடலுக்கு மாற்றாக ஒரு பொறி நிற்க வேண்டாவா? அதனைச் செய்யவல்லவர், அந்த மருந்து எவ்வாறு கலக்கப்படுகிறது, எப்பொழுது சினக்கும் என்பதைத் தாய் தந்தையரிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளாக இருத்தல் கூடும். ஆகவே இக்கல்வி முதலில் சேர வேண்டிய இடம் அவர்களுடைய வகுப்பறை.

வானத்திலும் ஒரு சான்று உண்டு. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான் 3 நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சார்ந்த ப. வீரமுத்துவேல், இரயில்வே தொழிலாளர் ஒருவரின் மகன், பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று உயர்ந்தவர். இறங்கிய கலத்திலிருந்து பிரக்ஞான் என்னும் ஆறு சக்கர ஊர்தி வெளிவந்தது. எடை 26 கிலோகிராம். வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். ஆகஸ்டு 27 அன்று அதன் முன்னே 4 மீட்டர் அகலமுள்ள பள்ளம் தென்பட்டது. 3 மீட்டர் முன்னரே அதனைக் கண்டுகொண்டமையால், வந்த வழியே திரும்பி வேறு பாதையிற் செல்லுமாறு ஊர்தி பணிக்கப்பட்டது. பார்த்தல், மதித்தல், திருத்துதல் ஆகிய பாடத்தில் பள்ளிக்கூட மேசைக்கும் நிலவின் தரைக்கும் வேறுபாடில்லை.

மாணவச் செல்வங்களே, போட்டிக்கு அழைப்பு வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. உடைந்த பொம்மைக் காரில் ஒரு மோட்டார் இருக்கும்; பழைய கடிகாரத்தில் பற்சக்கரங்கள் இருக்கும். பட்டறைக்காரரிடம் கேட்டால் உலோகத் துண்டு தருவார். தறியோட்டுபவரிடம் கேட்டால் அறுந்த இழையைத் தறி எவ்வாறு அறிகிறது என்று விளக்குவார். நால்வர் சேர்ந்து ஒரு வண்டி செய்யுங்கள். நால்வரும் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு நாளும் எது பிசகியது, ஏன் பிசகியது, என்ன மாற்றினோம் என்று எழுதுங்கள். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அக்குறிப்பேட்டில் பிசகிய நாள்களையும் அக்கறையோடு படியுங்கள், அணியைத் தெரிந்தெடுக்கும்போது வகுப்பில் முதல்வரை மட்டும் நோக்காது, கடைசி வரிசையில் பேனாவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையையும் அழையுங்கள்.

போட்டியில் ஓர் அணியே கோப்பை பெறும். மற்ற அணிகள் வீடு திரும்பும்போது தம் பொறி ஏன் நின்றது என்பதை அறிந்து திரும்புமானால், அவையும் கற்க வந்ததைக் கற்றுவிட்டன. அடுத்த ஆண்டு அதே மேசைக்கு அவை மீண்டும் வரட்டும். இராஜபாளையத்து நகராட்சிப் பள்ளியிலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்தும் அணிகள் புறப்பட்டு வரட்டும்.